சலரோகம் வந்தது சோற்றாலா, பாணாலா? ஐரோப்பாவில் நம்மவர் சாப்பாடு

வடலி (பேர்ண்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியில் வழக்கமாகச் சமையற்குறிப்புத்தான் போகும். நான் கொஞ்சம் வேறு விஷயம் கேட்க வருகிறேன்.

என் கணவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அண்மையில் இரத்தம் பார்த்ததில் மூன்று மாதச் சராசரிச் சீனி (HbA1c) 7.6 சதவீதம். சலரோகம், அதாவது நீரிழிவு. உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நல்ல பிள்ளை, பொறுமையாகக் கதைத்தாள். ஆனால் அவள் தந்த தாளில் இருந்ததெல்லாம் முழுத்தானியப் பாண், அவித்த உருளைக்கிழங்கு, பாஸ்தா இவ்வளவு கிராம், சீஸ் இத்தனை துண்டு, மூஸ்லி. எங்கள் வீட்டில் பாஸ்தா பிள்ளைகளுக்கு மட்டும். புட்டு எவ்வளவு சாப்பிடலாம், இடியப்பம் எத்தனை என்று இவர் கேட்க, போனில் படம் எடுத்துக் காட்ட வேண்டி வந்தது. கடைசியில் "சோற்றைப் பாதியாக்குங்கள்" என்று முடித்துவிட்டாள்.

கோயிலில் கேட்டால் கதை தலைகீழ். "ஊரில் மூன்று நேரமும் சோறும் புட்டும் தின்ற சனத்துக்கு என்ன வந்தது? இங்கத்தைய பாணும் பட்டரும் சீஸும்தான் எல்லாத்துக்கும் காரணம்" என்கிறார்கள். எதை நம்புவது? உங்கள் நாடுகளில் எப்படிச் சொல்கிறார்கள்? துருக்கிக்காரர், பாகிஸ்தான்காரர் எல்லாம் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்தவர்களும் எழுதுங்கள்.

புட்டுக்குழல் (லூட்சேர்ன்)

சோற்றைப் பாதியாக்கச் சொன்னார்களா? அப்படியென்றால் கறியை இரட்டிப்பாக்கலாம் என்று அர்த்தம். அண்ணாவிடம் சொல்லுங்கள்.

கீரிச்சம்பா (லண்டன்)

சோறும் இல்லை, பாணும் இல்லை. இது எங்கள் உடம்பின் வாகு. லண்டனில் சவுத்தால், பிரெண்ட் பகுதிகளில் 1988இல் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 80 வயதுக்குள் தெற்காசியரிலும் ஆப்பிரிக்க கரிபியரிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு நீரிழிவு வருகிறது, வெள்ளைக்காரரில் ஐந்தில் ஒருவருக்குத்தான் என்று அதில் வந்தது. சவுத்தால் பஞ்சாபிகள் தின்றது சோறு இல்லை, சப்பாத்தி. கரிபியர் தின்றது கிழங்கும் வாழைக்காயும் சோறும். சோறு தின்னும் எங்களையும் சேர்த்து மூன்று கூட்டமும் மூன்று விதமாகச் சாப்பிட்டு ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

எங்களுக்குக் கொழுப்பு கையில் காலில் ஏறுவதில்லை, வயிற்றுக்குள் ஏறும். அதனால்தான் இங்கே ஆசிய ஆட்களுக்கு எடைக்குறியீடு (BMI) 23 வந்தாலே கவனம், 27.5 வந்தால் ஆபத்து என்று 2013 முதல் தனியாக வைத்திருக்கிறார்கள். வெள்ளையருக்கு அது 25, 30. வடலி, அண்ணாவின் எடையைப் பார்த்து "நீங்கள் சரியான எடைதான்" என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் எந்த அளவுகோலை வைத்துச் சொன்னார்கள் என்று ஒரு தரம் கேளுங்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதற்கு மேலே போனால் தராசு என்ன சொன்னாலும் பரவாயில்லை என்று இருக்க முடியாது.

அதனால் சனத்தின் சாப்பாட்டைக் குறை சொல்வதை நிறுத்துங்கள்.

சிம்மர்ஸ்டுண்ட (சூரிச்)

கீரிச்சம்பா தம்பி, வாகு இருக்கலாம். ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளில் சுவிசுக்கு வந்த எங்கள் பெடியள் அநேகம் பேர் ரெஸ்ரோரண்ட் குசினிக்குள்தான் போனார்கள். கோப்பை கழுவல், பிறகு மரக்கறி வெட்டல், கெட்டிக்காரர் சிலர் சமையற்காரர் ஆனார்கள். வேலை காலை ஒன்பதுக்குத் தொடங்கும், இரண்டு மணிக்கு நிற்கும். பின்னேரம் ஐந்துக்குத் திரும்ப ஏறினால் இரவு பதினொன்று. நடுவில் வரும் அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் இங்கே சிம்மர்ஸ்டுண்ட என்று பெயர். தூரத்தில் வீடு இருப்பவன் அந்த நேரத்தில் எங்கே போவான்? ஸ்ரேசனில் இருப்பான், இல்லாவிட்டால் வேலை இடத்து மேல் அறையில் படுப்பான்.

வேலையாட்களுக்குச் சாப்பாடு காலை பதினொன்றுக்கு ஒரு தரம், பின்னேரம் ஐந்துக்கு ஒரு தரம் போடுவார்கள். மிஞ்சின ஸ்பெற்சில என்கிற மாவுப் பண்டம், கிறீம் ஊற்றின இறைச்சி, பொரித்த கிழங்கு. வயிறு முட்டத் தின்போம். ஆனால் அது எங்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வராது! வீட்டுக்கு வந்து இரவு பன்னிரண்டு மணிக்குச் சோறும் கறியும் தின்றால்தான் "சாப்பிட்டாச்சு". தின்றவுடன் படுக்கை. அப்படிப் பத்துப் பதினைந்து வருடம் போனவர்களில் எத்தனை பேருக்கு இன்று இன்சுலின் ஊசி போகிறது என்று உங்கள் ஊர்ச் சங்கத்திலேயே எண்ணிப் பாருங்கள்.

இதில் சோறு குற்றவாளியா, கிறீம் குற்றவாளியா? நேரம் என்று ஒன்று இருக்கிறது, அதை ஒருவரும் கேட்பதில்லை. வடலி தங்கச்சி, உங்கள் ஆள் என்ன வேலை, எத்தனை மணிக்கு வீடு வருகிறார் என்று அந்த ஆலோசகர் கேட்டாரா?

வடலி (பேர்ண்)

கேட்கவில்லை அண்ணா. இவரும் ஹொட்டல் குசினிதான். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டார். ஆனால் உண்மைதான், பன்னிரண்டு மணிக்கு முன்னம் எங்கள் வீட்டில் சோற்றுப்பானை மூடுவதில்லை.

ஒஸ்லோ அக்கா (ஒஸ்லோ)

இந்தத் துறையில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுத விடுங்கள்.

தாஹிரே கோச்துர்க் என்று சுவீடனில் துருக்கிப் பெண்களின் உணவை ஆராய்ந்த ஒருவர் 1990களின் தொடக்கத்தில் ஒரு விளக்கம் சொன்னார். புலம்பெயர்ந்த ஆட்களின் தட்டில் எல்லாம் ஒரே வேகத்தில் மாறாது. சோறு, ரொட்டி போன்ற அடிச் சாப்பாடு தங்கள் அடையாளத்தோடு ஒட்டியது, அதைக் கடைசிவரை விடமாட்டார்கள். முதலில் மாறுவது ஓரத்தில் இருப்பவை: எண்ணெய், இனிப்பு, குளிர்பானம், நொறுக்குத்தீனி. நேரத்தில் பார்த்தால் காலைச் சாப்பாடு முதலில் போகும், இராச் சாப்பாடு கடைசியில். எங்கள் வீடுகளைப் பாருங்கள். காலையில் பாண் அல்லது கோர்ன்பிளேக்ஸ், வேலைக்கு மாட்பக்கே என்று இவர்கள் சொல்லும் பொதி கட்டின பாண், இரவு மட்டும் சோறு. கோயிலில் சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை, ஆலோசகரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு அரை நாளைப் பார்க்கிறார்கள்.

ஒஸ்லோவில் 2002இல் குடியேறியவர்களின் உடல்நலம் பற்றிப் பெரிய கணக்கெடுப்பு நடந்தது. துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இலங்கை, வியட்நாம் ஆட்கள். அதிலே இலங்கை, பாகிஸ்தான் ஆட்களிடம் வந்த பிறகு எது கூடியது, எது குறைந்தது என்று கேட்டார்கள். கூடியது இறைச்சி, எண்ணெய் கொழுப்பு வகை, உருளைக்கிழங்கு. குறைந்தது பருப்பு, பயறு, கடலை. சோறு அப்படியே இருக்கிறது, சோற்றைச் சுற்றி இருந்ததுதான் போய்விட்டது. ஊரில் ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒரு வறை, ஒரு பருப்பு, ஒரு சொதி, வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் இரண்டு மரக்கறி. இறைச்சி ஞாயிற்றுக்கிழமை. இங்கே கோழிதான் கடையில் எல்லாவற்றிலும் மலிவு, கீரை விமானத்தில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைத் தினமும் சாப்பிடுகிறோம்.

எண்ணும் சொல்கிறேன். ஒஸ்லோவின் ரொம்சோஸ், ஃபூருசெட் பக்கம் 2000ஆம் ஆண்டையொட்டிச் செய்த ஆய்வில் தெற்காசியப் பெண்களில் 27.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு, அதே இடத்து மேற்கத்தியப் பெண்களில் 2.9. ஆண்களில் 14.3, 5.9. பெண்களின் எண்ணைத் திரும்பப் பாருங்கள். குசினியில் நின்ற ஆண்களைப் பற்றி அண்ணா எழுதினார், சரி. வீட்டில் நின்று சமைத்து, எல்லோரும் தின்ற பிறகு மிச்சத்தைத் தின்று, பனியில் வெளியே போகாமல் இருந்த அம்மாக்களைப் பற்றி யார் எழுதுவது? ஊரில் கிணறும் சந்தையும் கோயிலும் நடைதான். இங்கே காரில் ஏற்றி இறக்குகிறோம், அதைப் பாசம் என்றும் சொல்கிறோம்.

பனங்காய் (ஸ்ருட்கார்ட்)

எல்லாரும் ஆய்வு ஆய்வு என்று எழுதுகிறீர்கள். இங்கத்தைய கோழிக்கு ஹோர்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள், அதுதான் காரணம். ஊர்க்கோழி தின்றவனுக்கு வருத்தம் வந்ததா?

கீரிச்சம்பா (லண்டன்)

பனங்காய் அண்ணா, ஐரோப்பிய ஒன்றியத்தில் வளர்ச்சிக்கு ஹோர்மோன் கொடுப்பது எண்பதுகளிலேயே தடை. அமெரிக்க மாட்டிறைச்சியோடு அவர்களுக்கு வழக்கே அதில்தான். வளர்ச்சிக்காகத் தீனியில் அன்ரிபயோட்டிக் கலப்பதும் 2006 முதல் இல்லை. கோழி கொழுத்து இருப்பது இனத்தாலும் தீனியாலும். தோலோடு பொரித்து ரோல்ஸுக்குள் வைப்பது நாங்கள்.

ஹேக் மதுரைக்காரன் (டென் ஹாக்)

இலங்கை நண்பர்களுக்கு வணக்கம். நான் மதுரை, ஐடி வேலைக்காக இங்கே வந்து குடும்பத்தோடு தங்கிவிட்டேன். எங்கள் தெருவில் பாதிப் பேர், தென் அமெரிக்காவில் டச்சுக்காரர் ஆண்ட சூரினாமிலிருந்து வந்த இந்திய வம்சாவளி இந்துஸ்தானிகள். அவர்கள் கதை இந்த விவாதத்துக்கு ரொம்பப் பொருந்தும்.

பீகார், உத்தரப் பிரதேசப் பக்கத்திலிருந்து 1873இல் லல்லா ரூக் என்ற கப்பலில் முதல் கூட்டம் சூரினாம் கரும்புத் தோட்டங்களுக்குப் போனது. 1916 வரை 34,000 பேருக்கு மேல் போனார்கள். 1975இல் சூரினாம் சுதந்திரம் அடைந்ததையொட்டி அவர்களின் பேரன் பேத்திகள் பெரிய அளவில் நெதர்லாந்துக்கு வந்துவிட்டார்கள். ஒரே குடும்பம் ஏறக்குறைய நூறு வருடத்தில் இரண்டு தடவை கண்டம் மாறியிருக்கிறது. இப்போதும் ரொட்டிதான், உள்ளே மஞ்சள் பருப்பு மாவு, கூட உருளைக்கிழங்கு, கோழி, காராமணிக்காய், அவித்த முட்டை. போஜ்புரி நாக்கை டச்சுக்காரனால் அசைக்க முடியவில்லை.

அவர்களுக்குச் சுகர் எவ்வளவு வருகிறதென்றால், இங்கே குடும்ப டாக்டர்களுக்கான வழிகாட்டியில் மற்றவர்களுக்கு 45 வயதில் பார்க்கச் சொல்லும் சோதனையை இந்துஸ்தானிகளுக்கு 35லேயே பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு வயது 38. நானாகப் போய்க் கேட்டேன், "நீங்கள் சூரினாமா?" என்றார் டாக்டர். இல்லை, அவர்கள் கிளம்பி வந்த அதே நாட்டிலிருந்து நேராக வந்தவன் என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

சரி, பிரெட் விவகாரத்துக்கு வருகிறேன். இங்கே மதியச் சாப்பாடு என்பது குளிர்ந்த பிரெட், ஒரு சீஸ், ஒரு டம்ளர் பால். குழந்தைகளுக்குப் பிரெட்டில் வெண்ணெய் தடவி மேலே சாக்லேட் தூவல் போட்டுத் தருகிறார்கள், அதற்குப் பெயர் காலை உணவு. எங்கள் வீட்டில் இட்லியைக் குறை சொல்ல இனி யாருக்கும் வாய் இல்லை.

லாசப்பல் (பாரிஸ்)

எல்லாம் கெட்டுப்போனது என்றே எழுதுகிறீர்கள். ஒரு மாற்றுக் கதை.

தெற்கு பிரான்சில் குடியேறிய துனிசிய ஆண்களை அங்கேயே பிறந்த பிரெஞ்சுக்காரரோடும், துனிசியாவில் இருந்தவர்களோடும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு செய்தார்கள். இரண்டு பக்கத்தாரையும்விடக் குடியேறியவர்களுக்கு உடல் பருமனும் குறைவு, இரத்த அழுத்தமும் குறைவு. மரக்கறி, கடலை, ஒலிவ் எண்ணெய் என்ற பழைய சாப்பாட்டை விடவில்லை, மதுவும் குறைவு. இவர்களும் கட்டிட வேலை, தோட்ட வேலை செய்த ஏழைகள்தான். ஆக ஐரோப்பாவுக்கு வந்தாலே உடம்பு கெடும் என்று விதி இல்லை.

ஏன் அவர்களுக்கு அப்படி, எங்களுக்கு இப்படி? என் கணிப்பு, அவர்களின் மரக்கறி கடலுக்கு அந்தப் பக்கம் விளைவதும் இந்தப் பக்கம் விளைவதும் ஒன்றுதான். கத்தரி, தக்காளி, சுக்கினி, கொண்டைக்கடலை மார்சேயிலும் மலிவு, துனிசிலும் மலிவு. எங்கள் முருங்கைக்காயும் பொன்னாங்காணியும் காகோ விமானத்தில் வந்து பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கடைத் தட்டில் ஏறும்போது தங்க விலை. 2014இல் இந்தியாவிலிருந்து வரும் மாம்பழம், கத்தரி, பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு எல்லாவற்றையும் பழ ஈ என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது நினைவிருக்கிறதா? மாம்பழத்தை 2015 தொடக்கத்திலேயே விட்டார்கள், பாகற்காய்க்கு இன்னும் காத்திருந்தோம். மாம்பழத்துக்குப் பேச ஆள் இருந்தது!

ஒஸ்லோ அக்கா (ஒஸ்லோ)

லாசப்பல், நல்ல இடத்தைத் தொட்டீர்கள். இதற்கு மறுபக்கமும் ஒன்று. கானா நாட்டு ஆட்களை ஐந்து இடங்களில் வைத்துப் பார்த்தார்கள்: கானாவில் கிராமம், கானாவில் நகரம், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், லண்டன். பெண்களில் உடல் பருமன் கிராமத்தில் நூற்றுக்கு எட்டுப் பேர், லண்டனில் பாதிக்கும் மேல். ஆனால் கானாவின் நகரத்திலேயே மூன்றில் ஒருவர். விமானம் ஏறுவதற்கு முன்னமே பாதி மாற்றம் நடந்து முடிந்துவிட்டது. எங்கள் ஊர்க் கதையும் அதுதான். கண்டியில் இருப்பவர்களையும் ஒஸ்லோவில் இருக்கும் இலங்கையரையும் ஒப்பிட்டார்கள். இங்கே இருப்பவர்களுக்கு எடை கூட. ஆனால் அங்கே சலரோகம் குறைவு என்று யாராவது நினைத்தால் ஏமாந்து போவார்கள்.

"ஊரில் தின்றவர்களுக்கு ஒன்றும் வரவில்லை" என்று கோயிலில் சொல்பவர்கள் கடைசியாக ஊருக்குப் போனது எப்போது என்று கேட்டுப் பாருங்கள் வடலி.

மயிலி (டோர்ட்முண்ட்)

நான் இங்கே பிறந்தவள், எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். பெரியவர்கள் எல்லோரும் தங்கள் சாப்பாட்டைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு சமையல். பெரியவர்களுக்குச் சோறு கறி. எங்களுக்கு மீன்விரல், பாஸ்தா, பீட்சா. அம்மாவுக்கு அது கஷ்டம் என்று எனக்கு அப்போது தெரியாது. பள்ளிக்கு ஒரு நாள் கூட இடியப்பம் கொண்டு போனதில்லை, மணக்கும் என்று நானே வேண்டாம் என்பேன். என் பக்கத்தில் இருந்த துருக்கித் தோழி வீட்டிலும் இதே கதை. அவள் அம்மா வீட்டில் புல்குரும் பயற்றஞ்சூப்பும் வைப்பார், இவள் வெளியே டோனர் என்கிற, சுட்டுச் சீவின இறைச்சி தின்பாள். டோனரைப் பாணுக்குள் வைத்துக் கையில் கொடுத்தது 1972இல் பெர்லின் ட்ஸூ ரயில் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் காதிர் நூர்மான் என்பவர் என்று சொல்வார்கள், நான்தான் முதல் என்று வேறு பலரும் சொல்கிறார்கள். எப்படியோ, அவசரமாக வேலைக்குப் போகும் ஜெர்மன்காரருக்காகச் செய்த சாப்பாடு. அதைத் துருக்கிப் பிள்ளைகள் இன்று தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று தின்கிறார்கள். எங்கள் கொத்து ரொட்டியும் அப்படித்தான் ஆகிவிட்டது. ஊரில் இரவுக் கடையில் எப்போதாவது வாங்கியதாம், இங்கே ஒவ்வொரு சனிக்கிழமையும்.

அடுத்தது மண்டபம். சாமத்திய வீடு (பூப்பு விழா), பிறந்தநாள், கல்யாணம், அரங்கேற்றம். மார்ச் தொடங்கி ஒக்ரோபர் வரை ஒரு வார இறுதி விடாமல் இருக்கும். போனவுடன் ரோல்ஸ், பற்றிஸ், வடை, ஃபன்டா. இரண்டு மணி நேரம் கழித்து பிரியாணி, கோழிப் பொரியல், இறால், பிறகு கேக், பிறகு வட்டிலப்பம். இரவு பத்து மணிக்குப் பெட்டியில் கட்டி வேறு தருவார்கள். இதை ஒரு உணவு ஆலோசகரும் கேட்பதில்லை, எங்கள் வீட்டுக்காரரும் சொல்வதில்லை. "விசேஷத்துச் சாப்பாடு" என்று கணக்கில் எடுக்க மாட்டார்கள், சூரிச் மாமா சொன்ன குசினிச் சாப்பாடு மாதிரியே.

சிம்மர்ஸ்டுண்ட (சூரிச்)

பிள்ளை, நீ எழுதியதில் ஒரு பிழையும் இல்லை.

நீர்கொழும்பான் (அன்ற்வேர்ப்பன்)

நான் தமிழ் முஸ்லிம். எங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை இங்கே பலர் யோசித்திருக்க மாட்டீர்கள். என்ன தின்னலாம் என்பதைச் சட்டமும் தீர்மானிக்கிறது. மயக்கம் கொடுக்காமல் அறுப்பதை இங்கே பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் 2019 ஜனவரியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதே வருடம் வலோனியாவிலும். வடலி அக்கா இருக்கும் சுவிசில் இது 1893 முதல் தடை. மக்கள் முன்மொழிந்து வாக்களித்து நிறைவேற்றிய முதல் திருத்தமே அதுதான், அப்போது குறி யூதர்கள் மேல். ஹலால் இறைச்சி இப்போது வெளியிலிருந்து வருகிறது. டென்மார்க்கில் ராண்டர்ஸ் நகரசபை 2016இல் பிள்ளைகள் பராமரிப்பு நிலையங்களில் பன்றியிறைச்சி கட்டாயம் பரிமாறப்பட வேண்டும் என்று தீர்மானமே போட்டது.

இதனால் என்ன நடக்கிறது? பள்ளிக்கூடத்தில் எது ஹலால் என்று தெரியாமல் பிள்ளை பொரித்த கிழங்கை மட்டும் தின்றுவிட்டு வருகிறது. நாலு மணிக்குப் பசியோடு வந்து பிஸ்கட் பெட்டியை முடிக்கிறது.

லாசப்பல் (பாரிஸ்)

இங்கேயும் நடந்தது. சாலோன் சூர் சோன் என்ற ஊரில் 2015இல் மேயர் பன்றிக்குப் பதிலாகத் தரும் மாற்றுச் சாப்பாட்டை நிறுத்தினார். வழக்கு 2020 வரை இழுத்தது. மாற்றுச் சாப்பாடு தரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, தரக்கூடாது என்ற தடையும் இல்லை என்று உயர் நிர்வாக நீதிமன்றம் முடித்தது. மற்றபடி பிரெஞ்சுப் பள்ளிக் கன்ரீன் எங்கள் பிள்ளைகளுக்கு நல்லதே செய்கிறது. முதலில் ஒரு சலட், பிறகு சூடான சாப்பாடு, சீஸ், பழம், உட்கார்ந்து சாப்பிட வேண்டும். என் மகன் வீட்டில் தொடாத லீக்ஸை அங்கே தின்கிறானாம்.

மட்டுறுத்துநர்

பனங்காய் எழுதிய பாகற்காய்ச் சாறு அளவும், மாத்திரையைக் குறைக்கச் சொன்ன பதிவும் நீக்கப்பட்டுள்ளன. மருந்தைக் கூட்டுவது குறைப்பது பற்றி இங்கே எழுத வேண்டாம். சாப்பாடு பற்றித் தாராளமாகத் தொடருங்கள்.

பனங்காய் (ஸ்ருட்கார்ட்)

என் பாகற்காய்க்கும் பேச ஆள் இல்லை.

வடலி (பேர்ண்)

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இப்போது கையில் என்ன செய்வது என்று சொல்லுங்கள். இவர் வேலையை விட முடியாது, பதினொன்றுக்கு முன்னம் வரவும் முடியாது.

ஒஸ்லோ அக்கா (ஒஸ்லோ)

ஒவ்வொருவர் உடம்பும் மருந்தும் வேறு, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். மாத்திரை போடுகிறார் என்றால் சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதற்கு முன் டொக்டரிடம் கட்டாயம் கதையுங்கள்.

முதலில் ஆலோசகரிடம் திரும்பப் போகும்போது தாளை அல்ல, நாளைக் கொண்டு போங்கள். காலை எழும்புவதிலிருந்து படுக்கும்வரை வாயில் போனது எல்லாம், மணியோடு, படத்தோடு. மண்டபத்துச் சனிக்கிழமை ஒன்றும் அதில் இருக்க வேண்டும். புட்டு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதது அவளின் பிழை இல்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது அவளின் வேலை. இங்கே பாகிஸ்தான் பெண்களுக்காக நடத்திய பயிற்சிகளில் சப்பாத்தியை நிறுத்தச் சொல்லவில்லை. கறிக்கு எண்ணெயைப் போத்தலிலிருந்து ஊற்றாமல் கரண்டியால் அளப்பது, பருப்பைத் திரும்பக் கொண்டுவருவது, கூட்டமாக நடப்பது என்றுதான் போனார்கள்.

வேலையிடத்துச் சாப்பாட்டில் ஒன்றைச் "சாப்பாடு" என்று அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். பின்னேரம் ஐந்து மணியதை முழுச் சாப்பாடாக்கி, பொரித்த கிழங்குக்குப் பதில் சலட்டும் இறைச்சியும் எடுக்கலாம். இரவு பன்னிரண்டுக்குச் சோறு வேண்டாம். ஒன்றும் இல்லாமல் படுக்க மாட்டார் என்றால் பருப்புச் சூப், சொதி, ஒரு முட்டை.

கீரைக்கு லா சப்பல் விலை கொடுக்கத் தேவையில்லை. இங்கத்தைய சுருட்டைக் கோவா என்கிற கேல், மங்கோல்ட் கீரை, உறைந்த ஸ்பினாட் எல்லாம் வறைக்கு வரும். தேங்காய்ப்பூ ஒரு கரண்டி, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், வேறு என்ன? கேலை மெல்லிசாக அரிந்தால் முருங்கையிலை வறைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். லீக்ஸ் எங்களுக்கு ஊரிலேயே பழக்கம். எங்கள் மைசூர்ப் பருப்பு துருக்கிக் கடையில் எந்தத் தமிழ்க்கடையையும்விட மலிவு. மீனுக்கு மக்கரெல், சாடின்.

பிறகு விற்றமின் டி. எங்கள் தோலுக்கு இங்கத்தைய வெயில் போதாது. பிரித்தானியாவில் எண்பதுகளின் தொடக்கத்தில் ஆசியப் பிள்ளைகளுக்கு எலும்பு வளைந்து, அதற்கென்றே 1981இல் நாடு முழுக்க இயக்கம் நடத்த வேண்டி வந்தது. இப்போது அங்கே கறுத்தத் தோல்காரர் வருடம் முழுக்க நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். இதையும் டொக்டரிடம் கேளுங்கள்.

கீரிச்சம்பா (லண்டன்)

அக்கா சொன்னதோடு ஒன்று. மகள் கர்ப்பமாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் சீனிச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆசியப் பின்னணி என்றால் இங்கேயும் நோர்வேயிலும் அது வழமை. மற்ற நாடுகளில் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றாலும் கேளுங்கள்.

வாகு என்று நான் சொன்னதை இன்னும் விடவில்லை. வாகு இருப்பவன்தான் கூடக் கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கதை.

ஹேக் மதுரைக்காரன் (டென் ஹாக்)

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு உபரித் தகவல். 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சான்றிதழ் இல்லாமல் கறிவேப்பிலை ஒரு கொத்துக்கூடக் கொண்டுவர முடியாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியான் மட்டும் விலக்கு. இறைச்சியும் பாலும் முடியாது, அம்மா கொடுத்த நெய் டப்பா போயே போச்சு. ஆனால் மீன் ஆளுக்கு 20 கிலோ வரை விடுகிறார்கள். கருவாட்டுக்காரர்கள் பிழைத்தார்கள்.

புட்டுக்குழல் (லூட்சேர்ன்)

20 கிலோ கருவாட்டோடு விமானத்தில் என் பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம்.

வடலி (பேர்ண்)

அடுத்த மாதம் என் அக்கா மகளின் சாமத்திய வீடு. மண்டபச் சாப்பாட்டுக்குப் பட்டியல் போடும் பொறுப்பு என்னிடம்தான். மயிலி, உங்கள் பக்கத்தில் யாராவது மாற்றிச் செய்திருக்கிறார்களா?

மயிலி (டோர்ட்முண்ட்)

ஒரு வீட்டில் செய்தார்கள் அன்ரி. வந்தவுடன் ரோல்ஸுக்குப் பதில் கடலைச் சுண்டலும் மோரும் வைத்தார்கள், பிரதானச் சாப்பாட்டை ஏழு மணிக்கே போட்டார்கள். பிரியாணிக்குப் பக்கத்தில் இரண்டு மரக்கறி, ஒரு கச்சான் போட்ட சலட். சுண்டல்தான் முதலில் முடிந்தது. கட்டிக் கொடுக்கும் பெட்டியை மட்டும் நிறுத்தப் பார்த்தார்கள், அதற்குப் பெரியம்மா ஒருவர் கோபித்துக்கொண்டார். ஆகவே பெட்டியில் கை வைக்காதீர்கள். ரோல்ஸை நிறுத்துங்கள்.

சிம்மர்ஸ்டுண்ட (சூரிச்)

ரோல்ஸ் இல்லாத சாமத்திய வீடா? ஆளுக்கு ஒன்று என்று வையுங்கள் தங்கச்சி, நான் வருகிறேன்.